மூன்றாம் ரவுண்டில் நின்ற சண்டை

போன மாதம் திருப்பூரில் ஒரு சடங்கு வீட்டில் நாம் ஒன்பது பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒன்பது பேரும் ஒரே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்கள். இன்றைக்கு ஆளுக்கொரு பனியன் கம்பெனி, ஆளுக்கொரு மூக்குக் கண்ணாடி, ஆளுக்கொரு முழங்கால் வலி. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, எப்போதும் போலக் கடைசியில் அந்தச் சண்டையில் வந்து நின்றது.

"அன்னைக்கு மட்டும் அந்த டீமேக்கர் நிறுத்தாம இருந்திருந்தா, உங்கண்ணன் இந்நேரம் பட்டாளத்துல பெரிய ஆளா இருந்திருப்பாரு" என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். அந்த மனிதரைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தையும் விழுந்தது. அண்ணன் எனக்கு எதிர்வரிசையில் இருந்தான். இலையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "ரசம் நல்லா வச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனிடம் கேட்டேன். "அம்மா போயி ஒரு வருசம் ஆச்சு. இன்னும் எதுக்குண்ணே மறைக்கணும்?"

ஜன்னலைப் பார்த்தபடியே, "நீயே எழுதிரு தங்கச்சி. எனக்கு எழுத வராது" என்றான்.

அதனால் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தவர்கள்தான். ஆனாலும் உங்களுக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது.

தேயிலைக்கு விலை விழுந்த வருசம் அது. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ரஷ்யாக்காரன் என்றால் ஏதோ ஒரு ஆள் என்றே நான் நினைத்திருந்தேன். கோபத்தில் டீ குடிப்பதை விட்டுவிட்டான். கோபம் தணிந்து அவன் மறுபடியும் ஒரு டம்ளர் குடித்தால் ஃபேக்டரி ஓடும், கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போன அப்பா திரும்பி வருவார். அவ்வளவுதான் என் கணக்கு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. மற்ற நாட்களில் சங்கு ஊதாது. அந்தச் சங்கு இல்லாமல் அம்மா நேரம் தெரியாமல் தடுமாறுவாள். கூடலூர் தேவர்சோலை ரோட்டில் வரும்போதே மூக்கைத் தொடும் அந்த வறுத்த வாசனையும் இல்லை. அதற்குப் பதிலாக ஈர விறகும் பூஞ்சையும் நாறின. கொழுந்து எடுக்க அதிகம் ஆள் கூப்பிடாததால் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து, நாம் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப் பாதையையே மூடிக்கொண்டன. அட்டைக்கு மட்டும்தான் அந்த வருசம் நல்ல வாழ்வு.

வேலையில்லாத பையன்கள் ஃபேக்டரி மாடியைப் பிடித்துக்கொண்டார்கள். பச்சை இலையைக் கொட்டி வாட்டுகிற பெரிய மாடி அது. நீளநீளமான மரத்தொட்டிகள், அடியில் கம்பிவலை, சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள். இலை வரத்து குறைந்ததால் பாதித் தொட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் குத்துச்சண்டை பழகினார்கள். கையுறைகள் பழைய கிளப்பின் இரும்புப் பெட்டிக்குள் கிடைத்தவை. வெள்ளைக்காரத் தொரைகள் விட்டுவிட்டுப் போனவை, இரண்டு ஜோடி. காப்பிக்கொட்டை நிறத் தோல், உள்ளேயிருந்து குதிரை மயிர் பிதுங்கும். அம்மாதான் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தாள். தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைத்தால் நான்கு பூனைகள் சுருண்டு படுத்திருப்பது போலத் தெரியும்.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. லயத்திலேயே அவன் கைதான் நீளம். சீக்கிரமே அவனை அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

டீமேக்கர் ஐயாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபேக்டரியில் டீ பதம் பார்ப்பவர், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, குளிர்காலம் முழுக்கக் குரங்குக் குல்லா. தரையில் பரப்பிப் புளிக்க வைத்த தேயிலையை ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்து, "போதும், எடுங்க" என்பார். அவர் சொன்ன நிமிடத்தில் எடுத்து உலர்த்தும் சூட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் டீ செத்துப்போகும் என்பார்கள். அவர் காலேஜில் படித்தபோது குத்துச்சண்டை போட்டவர், பிறகு பல ஊரில் ரெஃப்ரியாக நின்றவர் என்பது அந்த வருசம்தான் வெளியே தெரிந்தது. பையன்கள் மாடியில் ஆடுவதைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

கார்த்திகையில் செய்தி வந்தது. நம் தோட்டத்துக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்கும் ஒரு போட்டி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பார்க்க வருகிறார். ஜெயிக்கிற பையனை விளையாட்டுக் கோட்டாவில் பட்டாளத்துக்குச் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு ஆள்.

அந்த வேலை என்ன மாதிரியானது என்று அன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லயத்தில் நான்கு காம்பரா வீடுகளில் பூட்டுத் தொங்கியது. மீதிப் பேர் எப்போது கிளம்புவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா குழந்தையாக இருக்கும்போது கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவள். "இன்னொரு தடவ மூட்டையக் கட்ட என்னால ஏலாது" என்பாள். அண்ணன் ஜெயித்துவிட்டால் கட்ட வேண்டாம். அப்படித்தான் நம்பினோம்.

போட்டிக்கு நான்கு நாள் முன்னால், மத்தியானம், அண்ணனுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மற்றப் பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கயிறு கிடந்தது. கயிறு தாண்டிக் குதிக்கும்போது ஈரப் பலகையில் வழுக்கி, பின்மண்டை தொட்டியின் மரக்காலில் அடித்துவிட்டதாம். ரத்தம் இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன். மயிருக்குள் ஒரு கொட்டைப்பாக்கு அளவு வீக்கம்.

"அம்மா வந்துருச்சா?" என்று கேட்டான்.

"அம்மா புல்லு வெட்டப் போயிருக்கு, சாயங்காலந்தான் வரும்" என்றேன்.

ரொட்டியைப் பிரித்து வைத்தேன். ஒரு வாய் தின்றான். "அம்மா வந்துருச்சா?" என்றான். நான் விளையாடுகிறான் என்று சிரித்தேன். மூன்றாம் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு எழுந்து கீழே ஓடி, விறகு அடுக்குக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தான். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் கழுவிய பிறகு பழைய அண்ணனாக ஆகிவிட்டான்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"சரி."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு. அம்மா மேல சத்தியம்."

பண்ணினேன். அம்மா மேல் பண்ணிய சத்தியத்தை மீறினால் அம்மா செத்துப்போவாள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

போட்டி நடந்த இடம் பெரட்டுக் களம். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற அதே மைதானம். நான்கு யூகலிப்டஸ் கம்பம் நட்டு, கயிறு கட்டி, கயிற்றுக்குக் கோணி சுற்றியிருந்தார்கள். கீழே வைக்கோல், அதன்மேல் தார்ப்பாய். மணிக்குப் பதில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. யானை இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று மூன்று மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். வேறு ரெஃப்ரி கிடைக்காததால் டீமேக்கர் ஐயாவே நின்றார். குல்லாவைக் கழற்றி, வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேன்ட் போட்டு வந்தவரைப் பார்த்து நாம் சிரித்தோம்.

கயிற்றுக்குள் நின்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஏனுங்க, முன்னாடியே சொல்லிப்போடறேன். ரத்தத்தப் பாத்தெல்லாம் நான் நிறுத்த மாட்டேன். மூக்கு ஒடைஞ்சா ரத்தம் வரும், நின்னுரும். நான் பாக்கறது வேற. நான் போதும்னு சொல்லிட்டா போதும். அப்பறம் ஒருத்தரும் உள்ள வரக்கூடாதுங்க."

கைதட்டினார்கள். என்ன சொன்னார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் ரவுண்டு முழுக்க அண்ணனுடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பையன் குட்டையாக, உறுதியாக இருந்தான். அண்ணனின் நீளக்கை அவனைக் கிட்டே வரவிடவில்லை. அவன் மூக்கு உடைந்து, உதடு, மோவாய், பனியன் எல்லாம் சிவப்பு. அவன் ஊர்க்காரர்களே "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினார்கள். டீமேக்கர் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். ஏதோ கேட்டார், அவன் பதில் சொன்னான். "ஆடு" என்று விட்டுவிட்டார். நம் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

இரண்டாம் ரவுண்டில் அண்ணனுக்கு ஒரே ஒரு அடிதான் விழுந்தது. பக்கவாட்டில், காதுக்கு மேலே. பெரிய அடி இல்லை. உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டீர்கள். தண்டவாளம் ஒலித்ததும் அண்ணன் நடந்துபோய் எதிராளியின் மூலையில் உட்காரப் பார்த்தான். எல்லோரும் சிரித்தோம். எதிராளியைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தோம். அண்ணனும் சிரித்தான். டீமேக்கர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனின் தோளைப் பிடித்து நம் மூலைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அவன் முகத்துக்கு முன்னால் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

மூன்றாம் ரவுண்டில் அண்ணன் இன்னும் வேகமாக அடித்தான். கை தானாக ஓடியது. அந்தப் பையன் கயிற்றில் சாய்ந்துவிட்டான். லயமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் டீமேக்கர் நடுவில் புகுந்தார். அண்ணனைப் பின்னால் தள்ளி, அவன் முகத்தோடு முகம் வைத்து ஏதோ கேட்டார். அண்ணன் உதடு அசைந்தது. உடனே அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக வீசினார்.

"போதும்."

அந்தப் பையனை நிறுத்துகிறார், அண்ணன் ஜெயித்துவிட்டான் என்றுதான் ஒரு நிமிடம் எல்லோரும் குதித்தோம். அவரோ முகமெல்லாம் ரத்தமாக நின்றவனின் கையைத் தூக்கினார். ஒரு கீறல் கூட இல்லாத அண்ணன் பக்கத்தில் நின்று, யாருக்கோ கல்யாணம் நடப்பது போல எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கயிறு அறுந்தது. டீமேக்கரின் கண்ணாடி எங்கேயோ போயிற்று. பட்டாளத்துக்காரர் ரெஃப்ரி சொன்னதுதான் முடிவு என்று அந்தப் பையனின் பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் இரண்டு நாள் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. கதவைச் சாத்தி, போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருந்தான். "வெளிச்சம் கண்ணக் குத்துது" என்றான். அழுத முகத்தை மறைக்கிறான் என்று அம்மா நினைத்தாள். "புள்ள வெக்கத்துல சாகுது" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்கு மட்டும் வேறு தோன்றியது. ஆனால் அம்மா உயிரோடு இருக்க வேண்டுமே.

டீமேக்கருக்கு விலை பேசிவிட்டார்கள் என்றார்கள். பால்காரர் அவர் வீட்டுக்கு மட்டும் ஊற்றாமல் போனார். ஃபேக்டரி ஓடுகிற அந்த இரண்டு நாளும் அவர் கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். நாமும் சும்மா இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் வீட்டுக் கொடியில் வெள்ளைப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. நாம் செம்மண்ணை உருட்டி எறிந்தோம். யார் முதலில் எறிந்தது என்று பந்தியில்கூட நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டீர்கள். நான்தான். எல்லோரையும்விட ஓங்கி எறிந்தவளும் நான்தான். அவர் மனைவி வெளியே வந்து நம்மைப் பார்த்தார். திட்டவில்லை. போர்வையை உருவி, மடித்துக்கூட வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் குளிரில் அதை மறுபடி அலசியிருப்பார்.

தையில் இன்னொரு சேதி வந்தது. நம் ஆட்கள் சும்மா விடவில்லை. கூடலூரில் மறுபடி ஒரு போட்டி, வேறு ரெஃப்ரி, பட்டாளத்துக்காரரும் வருவார். இன்னொரு இடமும் இருக்கிறதாம். அண்ணன் மறுபடியும் மாடி ஏறினான். லயமே அவனுக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்தது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் அண்ணன் கேத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றினான். டம்ளர் ஒரு பக்கம் இருந்தது, தண்ணீர் ஒரு பக்கம் தரையில் போய்க்கொண்டிருந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் "அண்ணே" என்றதும் நிறுத்தி, என்னைப் பார்த்து, "யார்ட்டயும் சொல்லாத" என்றான். நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. பருவம் தப்பிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. டீமேக்கர் வீட்டு வேலியோரம் வெகுநேரம் நின்றேன். அவர் மனைவி ஊருக்குப் போயிருந்தார் போலிருக்கிறது. அவரே கதவைத் திறந்தார். புதுக் கண்ணாடி, சின்னதாக, முகத்துக்குப் பொருந்தாமல் இருந்தது.

"ஆரது? உள்ள வா அம்மிணி. மழைல எதுக்கு நிக்கறே?"

என் வாய் திறக்கவில்லை. துண்டு எடுத்துக் கொடுத்தார். முக்காலியைக் காட்டினார். நான் யார் தங்கச்சி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"திட்டறதுக்கு வந்தியா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"பின்னே, சொல்லு."

"சத்தியம்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். யோசித்தார். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்களா? சரி. நீ வாயே தொறக்க வேண்டாம். நான் கேக்கறேன். ஆமான்னா மேலயும் கீழயும் ஆட்டு. இல்லைன்னா பக்கவாட்டுல ஆட்டு. சத்தியம் வாய்க்குத்தானே? தலைக்கு இல்லீல்ல?"

நான் ஆட்டினேன்.

"உங்கண்ணனப் பத்தியா?" ஆட்டினேன். "அன்னைக்கு நான் நிறுத்துனப்போ, இன்னைக்கு என்ன கெழமைன்னு கேட்டேன். அவன் சொன்ன பதில் என் காதுல இன்னும் இருக்குது. 'அம்மா வந்துருச்சா'ன்னான். அதுக்கு முன்னாடி எப்பவாச்சும் அப்பிடிக் கேட்டானா?"

ஆட்டினேன்.

"சண்டைக்கு முன்னாடியா? அப்ப அடி பட்டுச்சா? தலையிலயா? முன்னாடியா, பின்னாடியா?" கை வைத்துக் காட்டினேன். "வாந்தி?" ஆட்டினேன். "இப்பவும் எடுக்கறானா? கை தப்புதா? வெளிச்சத்துக்குக் கண்ணு கூசுதா?" ஒவ்வொன்றுக்கும் ஆட்டினேன். கழுத்து வலிக்கிற அளவு ஆட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது. பெரியவர்கள் அழுவார்கள் என்பது தெரியும்; டீமேக்கர்கள் அழுவார்கள் என்று தெரியாது.

"ரெண்டு மாசமா தெனமும் கேட்டுக்கறேன் அம்மிணி" என்றார். "ஒரு பையன் பொழப்புல மண்ணப் போட்டுட்டனோன்னு. நிறுத்துனா அதுதான் கஷ்டம். நிறுத்தலைன்னா என்ன ஆயிருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. சீக்கிரம் நிறுத்துனா திட்டுவாங்க, லேட்டா நிறுத்துனா அழுவாங்க. திட்டே இருக்கட்டும்னுதான் நிறுத்துனேன்."

பிறகு எழுந்து, அடுப்பில் பால் காய்ச்சி, சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுத்தார். எங்கிருந்து வாங்கினாரோ. நான் குடித்து முடித்ததும் வாசல்வரை வந்து சொன்னார்:

"நீ ஒண்ணுமே சொல்லலை. ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, போ."

சத்தியம் அம்மா மேல் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் அவர் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கே வந்தார். பெண்கள் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். "ஏனுங்கம்மா, ஒரு நிமிசம் இப்படி வாங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா போகமாட்டேன் என்று நின்றாள். அவர் கிட்டே வந்து ஏதோ சொன்னார். அம்மா தலையிலிருந்த கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, எடை போடாமல் நடந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம், மத்தியானம் அம்மா கண்ணயரும்போதெல்லாம் அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

அண்ணன் முதலில் குதித்தான், கத்தினான். அம்மா அவனை அடிக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. "எனக்கு நீ தொரையா வேணாம், பட்டாளமா வேணாம். என்னைய அடையாளம் தெரியிற புள்ளையா இருந்தா போதும். வெளங்குதா?" என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அம்மா, அண்ணன், டீமேக்கர் மூன்று பேருமாகக் கோயமுத்தூர் பஸ் ஏறினார்கள். அங்கே நடந்ததை அம்மா எனக்குப் பல வருசம் கழித்துச் சொன்னாள். தலையைப் படம் எடுத்த டாக்டர், மண்டை ஓட்டுக்கு உள்ளே மெல்லிசாக ரத்தம் கசிந்திருக்கிறது என்றாராம். கசிந்தது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இன்னும் ஓர் அடி பட்டிருந்தால் தனக்குப் பார்க்க வேலையே இருந்திருக்காது என்றாராம். ஆபரேஷன் வேண்டாம், தானாகக் கரையும். ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாது. சண்டை ஜென்மத்துக்கும் கூடாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா டீமேக்கரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "ஐயா, இது வெளிய தெரிய வேணாம். தலையில கோளாறுன்னு பேராயிருச்சின்னா எவன் வேல குடுப்பான்? எவ இவனுக்குக் கழுத்த நீட்டுவா?"

அதற்கு அவர் சொன்னாராம்: "அப்ப ஊருக்கு ஒண்ணு சொல்லோணுமில்லீங்க? நாந்தான் போட்டி நடத்தறவங்களுக்கு எழுதிப்போட்டு அவன நிறுத்திட்டேன்னு சொல்லிருங்க. ஏற்கெனவே திட்டு வாங்கறவன்தானுங்க."

அம்மா அதைத்தான் சொன்னாள். அவரும் கேட்டவர்களிடம் "ஆமா, நாந்தான் தடுத்தேன்" என்றார். பொய்யும் இல்லை. நம் லயத்துக்கு அதற்குப் பிறகு அவர் மனிதராகவே இல்லை. அம்மா செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற ஒரு பொய் போதும் என்று நினைத்தாள். அந்தப் பொய்க்கு அடியில் இன்னொரு வீடும் இருந்ததை, போர்வையை அணைத்துக்கொண்டு போன ஒரு பெண்ணும் இருந்ததை, அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தும் வாய் திறக்கவில்லை.

மாசியில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். ஸ்டாஃப் எல்லோரும் கிளம்பினார்கள். டீமேக்கர் வீட்டு வாசலில் லாரி வந்து நின்ற அன்று யாரும் உதவிக்குப் போகவில்லை. ஆனால் பார்க்க மட்டும் எல்லோரும் வந்தோம். பெரட்டுக் களத்து மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவரும் அவர் மனைவியும் டிரைவரும் பாத்திர மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அண்ணன் லயத்திலிருந்து இறங்கி நேராக அங்கே போனான். அம்மா பின்னாலேயே போனாள். நானும் ஓடினேன். மேட்டில் எல்லோரும் எழுந்து நின்றீர்கள். அண்ணன் இன்றைக்கு அவரை அடிக்கப்போகிறான் என்று ஒருவர் சொல்ல, அடிக்கட்டும் என்று இன்னொருவர் சொன்னது எனக்கே கேட்டது.

பிறகு நடந்ததை இத்தனை வருசமாக நீங்கள் எப்படிச் சொல்லி வருகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அண்ணன் பெருந்தன்மையாக உதவப் போனான், அந்தத் திமிர் பிடித்த மனிதர் அவன் கையைத் தட்டிவிட்டார் என்பீர்கள். மேட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். பேச்சு அங்கே எட்டியிருக்காது.

பெரிய மரப்பெட்டி ஒன்று தரையில் கிடந்தது. அண்ணன் குனிந்து அதன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். டீமேக்கர் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். அண்ணனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஆறு மாசம்னு டாக்டர் சொன்னாரல்ல? ரெண்டு மாசங்கூட ஆகலை. கீழ வையி."

"ஒண்ணும் ஆகாதுங்க ஐயா. ஒரு பெட்டிதானே."

"போதும்ங்கறேன்."

அண்ணன் அவரைப் பார்த்தான். அவர் அவன் கண்ணை, ஒரு கண்ணை, பிறகு மறு கண்ணை, நிதானமாகப் பார்த்தார். "இன்னைக்கு என்ன கெழமை?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமைங்க" என்றான் அண்ணன்.

அவர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். அம்மா முன்னால் வந்து, கொண்டுவந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் மறுமுனைக்கு ஓடினேன். என்னால் ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை. டீமேக்கர் என் பக்கத்தில் வந்து பிடித்தார். மூன்று பேருமாகத் தூக்கி லாரியில் வைத்தோம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்டு, வெயிலில் நின்றிருந்தான்.